காப்பீட்டு அட்டை இருந்தும் ஏன் கடன் வாங்குகிறோம்?

கேள்வி: அரசு காப்பீட்டில் 5 லட்சம் ரூபாய் வரை இலவசம் என்கிறார்கள். அப்படியும் ஜனங்கள் ஏன் வைத்தியத்துக்குக் கடன் வாங்குகிறார்கள்?

எங்கள் வீட்டில் நடந்ததையே சொல்கிறேன். என் தாய்மாமா அருப்புக்கோட்டைப் பக்கம் மூட்டை தூக்குபவர். போன வருடம் ஒரு ராத்திரி நெஞ்சுவலி வந்து, மதுரையில் அரசு காப்பீட்டுத் திட்டத்தில் சேர்ந்திருக்கும் ஒரு தனியார் மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். கவுண்டரில் அட்டையை நீட்டினேன். "அப்ரூவல் வர நேரமாகும். இப்போதைக்கு 20,000 கட்டுங்க, வந்ததும் திருப்பித் தந்துடுவோம்" என்றார்கள். ஸ்ட்ரெச்சரில் படுத்திருந்த மாமா என் கையைப் பிடித்து, "மாப்ள, அதான் கார்டு இருக்குல்ல, எதுக்குக் காசு?" என்று கேட்டார். பதில் சொல்லத் தெரியவில்லை. சித்தப்பா சீட்டுக்குக் கட்ட வைத்திருந்த பணத்தை எடுத்துக்கொண்டு ஓடிவந்தார். அதற்குக் கிடைத்த ரசீது ஒரு துண்டுச் சீட்டு. தொகையும் ஒரு கிறுக்கல் கையெழுத்தும் மட்டும் இருந்தன, மருத்துவமனையின் பெயர்கூட இல்லை.

ரத்தக்குழாய் அடைப்பை விரித்து வைக்கும் ஸ்டென்ட் குழாயை வைத்தது அட்டையில்தான். மாமா பிழைத்தார், அந்த நன்றி எனக்கு எப்போதும் உண்டு. ஆனால் டிஸ்சார்ஜ் அன்று 8,000 மட்டும் திரும்பி வந்தது. மீதி "பேக்கேஜில் வராத செலவு", அதாவது அந்தச் சிகிச்சைக்குத் திட்டம் நிர்ணயித்த தொகையில் சேராதது என்றார்கள். திட்டத்தில் உள்ள மருத்துவமனை அட்டைதாரரிடம் இப்படிப் பணம் வாங்கக் கூடாது என்பது எனக்கு அப்புறம்தான் தெரியும். உங்களுக்கு இப்படி நடந்தால் அங்கேயே தமிழ்நாடு அரசின் சுகாதார உதவி எண் 104-க்குப் போன் செய்யுங்கள். மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்துக்கு 14555. ரசீதில் மருத்துவமனை முத்திரை இல்லாமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

மருத்துவமனைகள் பக்கமும் ஒரு குறை இருக்கிறது. பேக்கேஜ் தொகை கட்டுப்படியாகவில்லை, அதுவும் நேரத்துக்கு வருவதில்லை என்கிறார்கள். 2025 ஆகஸ்டில் ஹரியானாவில் தனியார் மருத்துவமனைகள், நிலுவையைக் காரணம் காட்டி ஆயுஷ்மான் பாரத் சிகிச்சையையே நிறுத்தின. அரசு தாமதித்தால் அந்தச் சுமை கடைசியில் கவுண்டரில் நிற்கும் நோயாளியின் தலையில்தான் இறங்குகிறது.

ஆனால் என்னைக் கேட்டால் பெரிய கோளாறு இதுவல்ல. இந்த அட்டை பெட்டில் படுத்தால்தான் வேலை செய்யும். மத்திய அரசின் திட்டத்தில் அட்மிஷனுக்கு முந்தைய 3 நாளும் டிஸ்சார்ஜுக்குப் பிந்தைய 15 நாளும்தான் கணக்கில் வரும். மாமா அதற்கு முன் நாலு மாதமாக வாயுப் பிடிப்பு என்று நினைத்து மூன்று டாக்டர்களைப் பார்த்தார். ஃபீஸ், ரத்தப் பரிசோதனை, எக்கோ, பஸ் காசு, வேலைக்குப் போகாத நாட்களின் கூலி, எல்லாமே கைக்காசு. ஸ்டென்ட் வைத்த பிறகு மாத்திரை விடாமல் சாப்பிட வேண்டும். அதற்கும் அட்டை கிடையாது. 2021-22 தேசிய சுகாதாரக் கணக்குப்படி நாட்டின் மொத்த மருத்துவச் செலவில் 39.4 சதவீதம் மக்களே கையிலிருந்து கொடுத்தது. 2014-15-ல் இது 62.6 ஆக இருந்தது, குறைந்திருப்பது உண்மைதான். ஆனாலும் பத்தில் நாலு ரூபாய் என்பது கூலிக்காரர் வீட்டில் லேசான விஷயமா?

அப்புறம் வருமான வரம்பு. தமிழ்நாட்டில் ஆண்டுக்கு 1,20,000, அதாவது மாதம் 10,000. புருஷன் பெஞ்சாதி இரண்டு பேரும் கூலிக்குப் போகிற வீட்டில் இதைத் தாண்டாமல் இருக்க முடியுமா? தாண்டினால் அட்டை இல்லை, தனியார் பாலிசி பிரீமியம் கட்டவும் வசதி இல்லை. நான் அச்சகத்தில் வேலை செய்கிறேன், இந்த நடுக்கூட்டத்தில்தான் இருக்கிறேன். 2021-ல் நிதி ஆயோக் வெளியிட்ட அறிக்கை இந்தக் கூட்டத்தை 40 கோடிப் பேர் என்று சொல்கிறது. 70 வயது ஆனவர்களுக்கு வருமானம் பார்க்காமல் மத்திய அரசின் காப்பீட்டை 2024-ல் கொடுத்தார்கள். அதை மனசார வரவேற்கிறேன். 50 வயதில் மாரடைப்பு வருகிறவரை யார் பார்ப்பது?

மாமாவுக்கு இப்போது மாத்திரை பெரியாஸ்பத்திரியில் இலவசமாகக் கிடைக்கிறது. மாதம் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வரிசையில் நிற்கிறார். ஒருமுறை ஒரு மாத்திரை ஸ்டாக் இல்லை, அடுத்த வாரம் வரச் சொன்னார்கள். வெளியே வாங்கக் காசில்லை என்று எங்களிடம் சொல்லாமலே ஒரு வாரம் விட்டுவிட்டார். ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் மாத்திரை அது, ஸ்டென்ட் வைத்தவர் விடவே கூடாது. காலி மாத்திரை அட்டைகளை எண்ணிப் பார்த்து அத்தைதான் கண்டுபிடித்தார். அன்றிலிருந்து தினமும் ராத்திரி அவரே பிரித்துக் கையில் கொடுக்கிறார்.