விஞ்ஞானிகளைச் சேர்த்துவைக்கும் வேலை: ஒரு தந்தைக்குப் பதில்

ஐயா, வணக்கம்.

உங்கள் கடிதத்தில் மூன்று கேள்விகள் இருந்தன. உயிரியலில் முனைவர் பட்டத்தின் கடைசி வருடத்தில் இருக்கும் மகள், ஆய்வுக்கூடம் வேண்டாம், கம்யூனிட்டி மேனேஜர், அதாவது ஆய்வாளர் குழுக்களின் ஒருங்கிணைப்பாளர், ஆகப்போகிறேன் என்கிறார். கூட்டம் போடவும் மின்னஞ்சல் அனுப்பவும் இத்தனை வருடப் படிப்பா என்பது முதல் கேள்வி. இதற்கென்று பயிற்சி உண்டா, பணம் கட்டலாமா என்பது இரண்டாவது. அவருடைய நெறியாளரிடம் நானே பேசட்டுமா என்பது மூன்றாவது. மூன்றாவதற்கு மட்டும் இப்போதே பதில் சொல்லிவிடுகிறேன்: வேண்டாம். மற்ற இரண்டையும் கொஞ்சம் விரித்துத்தான் எழுத வேண்டும்.

விஞ்ஞானி என்றதும் தனியறையில் நுண்ணோக்கியோடு உட்கார்ந்திருக்கும் ஒருவர்தான் நம் நினைவுக்கு வருகிறார். 2015-இல் ஐரோப்பாவின் துகள் இயற்பியல் ஆய்வு மையமான செர்னின் அட்லஸ், சிஎம்எஸ் குழுக்கள் சேர்ந்து ஹிக்ஸ் துகளின் நிறை பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டன. அதன் ஆசிரியர்கள் 5,154 பேர். 33 பக்கக் கட்டுரையில் 24 பக்கம் அவர்களுடைய பெயருக்கும் நிறுவனங்களுக்குமே சரியாகப் போனது. இத்தனை பேர் ஒரே வாக்கியத்துக்குச் சம்மதிக்கிறார்கள் என்றால், நடுவில் யாரோ உட்கார்ந்து வேலை பார்த்திருக்கிறார்கள். எல்லாத் துறையும் இவ்வளவு பெரிதில்லைதான். இருபது ஆய்வுக்கூடங்கள் சேர்ந்தாலே அந்த யாரோ ஒருவர் தேவைப்படுகிறார்.

உங்கள் மகளின் துறையிலிருந்தே ஓர் உதாரணம். சில மனித மரபணுக்களுக்கு மார்ச்1, செப்ட்1 என்பது போன்ற சுருக்கப் பெயர்கள் இருந்தன. எக்செலில் அதைத் தட்டினால், மென்பொருள் அதை மார்ச் மாதம் முதல் தேதி, செப்டம்பர் முதல் தேதி என்று மாற்றிவிடும். ஆய்வாளர்கள் கவனிக்காமலே கட்டுரைகளோடு வெளியிட்ட அட்டவணைகளில் இந்தப் பிழை பல வருடம் ஊர்ந்துகொண்டிருந்தது. கடைசியில், மனித மரபணுக்களுக்குப் பெயர் சூட்டும் குழு அந்தப் பெயர்களையே மாற்றி, 2020-இல் புதிய வழிகாட்டுதலும் வெளியிட்டது. பிழையைக் கண்டுபிடிக்க ஒரு மாணவர் போதும். ஆனால் பல ஆண்டுகளாக ஒரு பெயரைப் புழங்கியவர்களிடம், இனி இப்படி எழுதுங்கள் என்று கேட்டு, காரணம் சொல்லி, ஒப்புக்கொள்ள வைப்பது வேறு மாதிரியான வேலை. அதை உயிரியல் தெரியாத நிகழ்ச்சி அமைப்பாளரிடம் கொடுத்தால் நடக்காது. ஆய்வாளர் எதற்காக முரண்டுபிடிக்கிறார் என்பதே அவருக்குப் புரியாது. மகளின் படிப்பு வீணாகுமா என்று கேட்டீர்களே, படிப்பு போய்ச்சேரும் இடம் இதுதான்.

இன்னும் பெரிய உதாரணம் மனித மரபணுத் தொகுதித் திட்டம். 1996-இல் பெர்முடாவில் கூடியவர்கள், தாங்கள் படித்தெடுக்கும் மரபணு வரிசைகளை 24 மணி நேரத்துக்குள் எல்லோரும் பார்க்கும்படி வெளியிட வேண்டும் என்று முடிவெடுத்தார்கள். தன் கட்டுரை அச்சேறும்வரை தரவைப் பெட்டிக்குள் வைத்திருப்பதுதான் அதுவரை பரவலான வழக்கம். அதை மாற்றியது மனிதர்களுக்கு இடையே நடந்த பேச்சு.

சரி, தினசரி என்ன செய்வார்? ஒவ்வொரு கூட்டத்திலும் பேசுகிற அதே இரண்டு பேருக்கு நடுவே, வாய்திறக்காத மாணவருக்கு இடம் பிடித்துக் கொடுப்பார். மூன்று மாதமாக வராத ஆய்வுக்கூடத்தைத் தனியாகக் கூப்பிட்டு என்ன ஆயிற்று என்று விசாரிப்பார். புதிதாகச் சேர்ந்தவர் முதல் வாரத்தில் எதைப் படிக்க வேண்டும், யாரைக் கேட்க வேண்டும் என்று ஒரு பக்கத்தில் எழுதி வைப்பார். நிதி கொடுத்தவருக்கு அறிக்கை தயாரிப்பார். ஒரே மாதிரியான பரிசோதனையை இரண்டு குழுக்கள் தனித்தனியாகச் செய்துகொண்டிருப்பதைக் கண்டுபிடித்து அறிமுகம் செய்துவைப்பார். இதில் பாதி வெளியே தெரியாது. நன்றாக நடந்தால் யாரும் கவனிக்க மாட்டார்கள் என்பது இந்த வேலையின் சாபம். தன் பெயர் முதலில் வர வேண்டும் என்ற ஆசை உங்கள் மகளுக்குப் பலமாக இருந்தால் அதை இப்போதே தனக்குள் கேட்டுக்கொள்வது நல்லது. இந்த வேலைக்குக் கலகலப்பானவர்கள்தான் லாயக்கு என்று நினைத்துவிட வேண்டாம். நான் பார்த்தவரை, அமைதியாக இருந்து கவனிக்கிறவர்கள் இதில் நன்றாகவே செய்கிறார்கள்.

இப்போது பயிற்சி. இதை ஒரு தொழிலாகப் பார்க்கத் தொடங்கியதே சமீபத்தில்தான். அமெரிக்காவின் ஏ.ஏ.ஏ.எஸ். என்னும் அறிவியல் முன்னேற்றச் சங்கம், ஸ்லோன் அறக்கட்டளையின் நிதியோடு 2017-இல் அறிவியல் சமூக ஒருங்கிணைப்பாளர்களுக்கென்று ஒரு ஃபெலோஷிப் நடத்தியது. அதை நடத்திய லூ வுட்லி பின்னர் தொடங்கியதுதான், இந்த ஒருங்கிணைப்பாளர்களுக்கென்றே இயங்கும் சி.எஸ்.சி.சி.இ. என்ற மையம். இந்த வேலைக்கு வேண்டிய திறன்களை அவர்கள் ஒரு சக்கரமாக வரைந்திருக்கிறார்கள்: ஐந்து பிரிவு, 45 திறன். மனிதர்களோடு பழகுதல், தகவல் தொடர்பு, திட்டங்களை வடிவமைத்தல், திட்டங்களை நடத்துதல், தொழில்நுட்பம் என்பவை அந்தப் பிரிவுகள். மகளிடம் அந்தச் சக்கரத்தை எடுத்துப் பார்த்து, தன்னிடம் ஏற்கெனவே இருப்பதற்குப் பச்சை நிறம் தீட்டச் சொல்லுங்கள். நான்கைந்து வருட ஆய்வில் எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று அவரே ஆச்சரியப்படலாம்.

அதே மையம் சொல்லும் இன்னொரு கருத்து எனக்கு மிகவும் பிடித்தது. ஒரு குழுவில் மனிதர்கள் நான்கு விதமாக இருக்கிறார்கள்: செய்தியைச் சொல்வதும் கேட்பதுமாக, சின்னதாக ஏதாவது பங்களிப்பதாக, சேர்ந்து வேலை செய்வதாக, சேர்ந்தே புதியதை உருவாக்குவதாக. குழுவையே தன் பொறுப்பாக எடுத்துக்கொண்டு ஓடுகிற சிலரும் இருப்பார்கள். எல்லோரையும் கடைசிப் படிக்கு ஏற்றிவிட வேண்டும் என்பதில்லை. யார் எந்த நேரத்தில் எந்த நிலையில் இருந்தால் குழுவுக்குப் பயன் என்று பார்க்கத் தெரிவதுதான் கலை. இணையதளப் பயன்பாட்டு வல்லுநர் ஜேக்கப் நீல்சன் 2006-இல் எழுதியது இதோடு சேரும்: இணையக் குழுக்களில் பெரும்பாலும் 90 சதவீதம் பேர் படிப்பார்கள், 9 சதவீதம் பேர் எப்போதாவது எழுதுவார்கள், ஒரு சதவீதம் பேர்தான் பெரும்பாலானதை எழுதுவார்கள். இது தெரியாத புதியவர், யாருமே பேசவில்லையே என்று இரண்டாவது மாதத்திலேயே துவண்டுவிடுவார்.

துவண்டவன் சொல்கிறேன். சில வருடங்களுக்கு முன் நாற்பது ஆலோசகர்களைச் சேர்த்து ஓர் அரட்டைக் குழு தொடங்கினேன். முதல் நாளே பன்னிரண்டு தலைப்புகளில் பன்னிரண்டு தனி அறைகள். அழகாக இருந்தது. நான்கு மாதத்தில் பதினொன்று காலி. மிச்சமிருந்த ஒன்றில் பண்டிகை வாழ்த்து மட்டும் வந்துகொண்டிருந்தது. நாற்பது பேருக்கு ஓர் அறை போதும் என்று அப்போது யாரும் எனக்குச் சொல்லவில்லை.

கருவிகள் விஷயத்தில் மகள் என்ன பெயர் சொன்னாலும் நீங்கள் மிரள வேண்டாம். அரட்டைக்கான ஸ்லாக், ஜூலிப், விவாத மன்றமான டிஸ்கோர்ஸ், நிரல்களைச் சேர்ந்து எழுதும் கிட்ஹப், காணொளிக் கூட்டத்துக்கான ஜூம் எல்லாமே ஒரு வாரத்தில் பிடிபடக்கூடியவை. கற்றுக்கொள்ள வேண்டியது, எதை எங்கே வைப்பது என்பதை. ஸ்லாக்கின் இலவச வடிவத்தில் 90 நாளுக்கு முந்தைய செய்திகள் கண்ணுக்குத் தெரியாது. ஒரு குழு தன் முடிவுகளையெல்லாம் அதிலேயே எடுத்தால், அடுத்த வருடம் சேர்கிறவருக்கு அவை நடக்காதவை மாதிரிதான். ஜூலிப்பில் ஒவ்வொரு உரையாடலும் தன் தலைப்போடு நிற்கும், அதனால் வெவ்வேறு நேர மண்டலங்களில் இருப்பவர்கள் விடிந்ததும் வந்து விட்ட இடத்தில் தொடரலாம். நீளமான விவாதங்களுக்கு டிஸ்கோர்ஸ் வசதி. இறுதி வடிவம் பெற்ற வழிகாட்டிகளையும் தரவுகளையும் செர்ன் 2013-இல் தொடங்கிய செனோடோ என்னும் இணையக் களஞ்சியத்தில் வைத்தால் நிரந்தர அடையாள எண் கிடைக்கும், மற்றவர் மேற்கோள் காட்டலாம். அந்த எண் உங்கள் மகளுக்கும் முக்கியம். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

பணம் கட்டும் முன் எங்கே தொடங்கலாம்? 1998-இல் மென்பொருள் பயிற்சியாகத் தொடங்கி, 2018-இல் பல பிரிவுகள் இணைந்து உருவான 'தி கார்பென்ட்ரீஸ்' அமைப்பின் பயிற்றுநர் பயிற்சி நல்ல வாசல். நிரல் எழுதச் சொல்லித்தருவதற்கான பயிற்சி என்று பெயர். உள்ளே போனால் மனிதர்கள் எப்படிக் கற்கிறார்கள், தெரியாது என்று சொல்ல ஏன் கூசுகிறார்கள் என்பதுதான் பாதிப் பாடம். அடுத்து, திறந்த அறிவியல் பயிற்சி தரும் ஓ.எல்.எஸ். அமைப்பு நடத்திய 16 வாரத் திட்டத்தின் வடிவம் நல்ல முன்மாதிரி. பங்கேற்பாளர் தன் சொந்தத் திட்டம் ஒன்றோடு வருவார், வழிகாட்டி ஒருவர் கூடவே நடப்பார். சி.எஸ்.சி.சி.இ. நடத்தும் அடிப்படைப் பாடநெறிக்குக் கட்டணம் உண்டு. அதற்கு இப்போது பணம் கட்ட வேண்டாம் என்பேன். பாடத்தில் கேட்கும் கேள்விகள், கையில் ஒரு குழு இருப்பவருக்கே உறைக்கும்.

எனவே முதலில் ஆறு மாதம் ஒரு குழு. பெரிதாக ஒன்றும் வேண்டாம். பக்கத்து மூன்று ஆய்வுக்கூடங்களைச் சேர்த்து இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கட்டுரை வாசிப்பு நடத்தட்டும். ஒவ்வொரு கூட்டத்துக்குப் பிறகும், வராதவர்களுக்கு ஐந்து வரி. யார் பேசினார்கள், யார் பேசவில்லை, யார் நின்றுவிட்டார்கள் என்று தனக்கு ஒரு நோட்டு. ஆறாவது மாதம் வேறொருவரிடம் ஒப்படைத்துவிட்டு, தான் இல்லாமல் அது இரண்டு மாதம் நடக்கிறதா என்று பார்க்கட்டும். நின்றுபோனாலும் நஷ்டமில்லை, ஏன் நின்றது என்று நேர்முகத் தேர்வில் தெளிவாகச் சொல்லத் தெரிந்தவருக்கு வேலை கொடுக்க ஆள் இருக்கிறார்கள்.

நடுவில் பட்டத்தை மட்டும் விட்டுவிடக் கூடாது. மூத்த விஞ்ஞானிகளிடம், உங்கள் தரவை இப்படிப் பதியுங்கள் என்று ஒருவர் சொல்லும்போது, அவரும் ஆய்வு செய்தவர் என்பதற்குத் தனி எடை இருக்கிறது. அது நியாயமா என்பது வேறு விவாதம்.

பயிற்சிகளில் பலரும் தாண்டிப்போகிற ஒரு பகுதி, நடத்தை விதிகளும் புகார்களும். குழுவில் ஒருவர் இன்னொருவரைப் பற்றிப் புகார் சொன்னால் அது யார் மேசைக்கு வரும்? பல இடங்களில் ஒருங்கிணைப்பாளரின் மேசைக்குத்தான். விதியை எழுதி ஒட்டுவது சுலபம். புகார் வந்த அன்று யாரிடம் பேசுவது, எதை எழுதி வைப்பது, எதை வெளியே சொல்லக் கூடாது என்பதற்குத் தனியாகப் பயிற்சி வேண்டும். இதைத் தனியாளாகச் சுமக்க வைக்கும் இடத்துக்குப் போக வேண்டாம் என்று மகளிடம் சொல்லுங்கள்.

கடைசியாக, நீங்கள் நேரடியாகக் கேட்கத் தயங்கியது: இந்த வேலை நிலைக்குமா? ஒளிக்காமல் சொல்கிறேன், இந்தப் பதவிகளில் பல ஆய்வு நிதியைச் சார்ந்தவை. நிதிக்கு ஒரு கடைசித் தேதி உண்டு. பதவிக்கு என்ன பெயர் என்பதும் இன்னும் தீரவில்லை. ஆய்வு மென்பொருள் எழுதுகிறவர்களுக்கு இதே கதி இருந்தது. 2012-இல் ஒரு பட்டறையில் தங்களுக்கு 'ரிசர்ச் சாஃப்ட்வேர் இன்ஜினியர்' என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். இன்று அதற்குச் சங்கங்களும் பதவிகளும் இருக்கின்றன. ஒருங்கிணைப்பாளர்கள் இன்னும் அந்த தூரம் வரவில்லை. கட்டுரைகளில் யார் என்ன செய்தார் என்று குறிக்கும் கிரெடிட் முறையில் 14 பங்குகள் உண்டு. அதில் திட்ட நிர்வாகம் என்று ஒன்று இருக்கிறது, ஆனால் மனிதர்களைச் சேர்த்துவைத்ததற்குத் தனிப்பெட்டி கிடையாது. அதனால்தான் முன்பு சொன்ன அந்த அடையாள எண் முக்கியம்: எழுதிய வழிகாட்டி, பயிற்சிக் குறிப்பு எல்லாவற்றையும் தன் பெயரோடு, ஆய்வாளர் ஒவ்வொருவரையும் தனியாக அடையாளம் காட்டும் 16 இலக்க ஆர்சிட் எண்ணோடு பதிந்து வைத்தால், ஒப்பந்தம் முடிந்தாலும் செய்தது கையில் இருக்கும்.

வேலை கிடைத்தால் கையெழுத்துப் போடும் முன் அவர் கேட்க வேண்டியவை: நிதி எத்தனை மாதத்துக்கு இருக்கிறது, முடிவதற்கு எவ்வளவு முன்னால் சொல்வீர்கள்? நான் யாருக்குப் பதில் சொல்ல வேண்டும், ஒரு பேராசிரியருக்கா ஐந்து பேருக்கா? பயணச்சீட்டு போடுவதும் அறை பதிவு செய்வதும் என் வேலையில் எவ்வளவு பங்கு? எனக்கு முன்னால் இருந்தவர் ஏன் போனார்? நான்காவது கேள்விக்கு வரும் பதிலைவிட, அதற்கு முன் வரும் மௌனத்தைக் கவனிக்கச் சொல்லுங்கள்.

அடுத்த முறை எழுதும்போது உங்கள் மகளையும் ஒரு பக்கம் எழுதச் சொல்லுங்கள், ஐயா. எந்த மூன்று ஆய்வுக்கூடங்கள், முதல் கூட்டத்துக்கு யாரையெல்லாம் கூப்பிடப்போகிறார் என்று. அதைப் பார்த்துவிட்டு மேலே பேசலாம்.