மரையை மனிதரைப் போல நிற்க வைத்து வரைவது எப்படி?

தேயிலைக் கொழுந்துக் கூடையோடு நிற்கும் மரையை, அதாவது கடமானை, வரைந்தால் ஏன் மனிதர் முகமூடி போட்ட மாதிரி வருகிறது என்று கேட்டிருந்தீர்கள். கண்தான் முதல் காரணம். மரைகள் திரியும் இலங்கையின் ஹோர்ட்டன் சமவெளிக்குப் போனால் மரையின் முகத்தை நேராகப் பாருங்கள், கண்கள் தலையின் இரண்டு பக்கத்திலும் இருக்கும், அவற்றை மனிதக் கண் மாதிரி நடுவுக்கு இழுத்த உடனே மரை காணாமல் போய்விடும். சிறுத்தைக்கு இந்தச் சிக்கல் இல்லை, அதன் கண்கள் முன்னோக்கியே இருப்பவை. மரையின் உணர்ச்சியைக் காதில் காட்டுங்கள், புருவத்தில் வேண்டாம்.

அப்புறம் கால். பின்காலில் முழங்கால் பின்பக்கமாக மடிகிறது என்று நினைக்கிறோமே, அது உண்மையில் குதிகால். முழங்கால் வயிற்றை ஒட்டி மேலே இருக்கிறது, குளம்பு என்பது நகம். அதனால் நிமிர்த்தும்போது தொடையை நீட்டி, குதிகாலைத் தரையில் படாமல் உயர்த்தியே வையுங்கள்.

முதுகில் தொங்கும் கூடையின் கயிறு தலையில் வருவதால் பெண் மரையையே வரையுங்கள், அதற்குக் கொம்பில்லை. கயிறு காதுக்கு முன்னால் பதிய, கழுத்து முன்னே சாயட்டும். அம்மா நிறைகூடையோடு மலை ஏறும்போது அப்படித்தான் சாய்வார், அந்தச் சாய்வு வந்துவிட்டால் பாரம் தானாகத் தெரியும்.