புகார் கொடுக்கப் போனால் போலீஸ் விசாவைக் கேட்குமா?

கேள்வி: டெக்சாஸில் டாலஸ் பக்கம் இருக்கிறோம். கணவருக்கு எச்-1பி வேலை விசா, எனக்கு அவரைச் சார்ந்த எச்-4 விசா. எதுவரை தங்கலாம் என்று காட்டும் என் ஐ-94 பதிவு போன மாதம் முடிந்துவிட்டது. நீட்டிப்பு மனுவுக்கு இன்னும் முடிவு வரவில்லை. இந்த நேரம் பார்த்து கார் கண்ணாடியை உடைத்து லேப்டாப்பைத் தூக்கிவிட்டார்கள். "போலீஸைக் கூப்பிடாதே, வீண் வம்பு" என்கிறார்கள் தெரிந்தவர்கள்.

பதில்: கூப்பிடுங்கள். லேப்டாப் கிடைக்காமல் போகலாம்; இன்ஷூரன்ஸ்காரர்கள் புகார் எண் கேட்பார்கள்.

டெக்சாஸில் 2017இல் வந்த எஸ்.பி.4 சட்டப்படி, பிடித்து நிறுத்திய ஆளிடம் குடியேற்ற நிலையைப் போலீஸ் விசாரிக்கலாம். புகார் கொடுப்பவரும் சாட்சியும் வேறு கணக்கு. குற்றத்தைத் துப்பறியத் தேவைப்பட்டால், அல்லது பாதிக்கப்பட்டவருக்கான விசா பற்றிச் சொல்வதற்காக மட்டுமே அவர்களிடம் கேட்கலாம். உடைந்த கண்ணாடிக்கும் உங்கள் விசாவுக்கும் என்ன சம்பந்தம்? நியூஜெர்சியிலும் கலிபோர்னியாவிலும் போலீஸுக்கு இதில் கட்டுப்பாடு இன்னும் அதிகம். அங்கிருக்கும் நண்பரின் அனுபவத்தை டெக்சாஸுக்குப் பொருத்திப் பார்க்காதீர்கள்.

குடியேற்றச் சட்டத்தை அமல்படுத்துவது மத்திய அரசின் வேலை. அது தன் வேலையை மாநிலப் போலீஸ் தலையில் கட்டாயமாகச் சுமத்த முடியாது. உச்ச நீதிமன்றம் 1997இல் சொன்னது இதுதான். விரும்பிச் சேர்கிற போலீஸும் அந்த வேலையைப் பார்க்க, 287(ஜி) என்ற ஒப்பந்தத்துக்கு 1996 சட்டத்திலேயே வழி இருக்கிறது. சிறையில் இருப்பவரின் நிலையைச் சரிபார்ப்பதில் எனக்குப் பெரிய ஆட்சேபணை இல்லை. தெருவில் ரோந்து போகிறவரே விசாவும் பார்ப்பதுதான் எனக்கு ஒப்பவில்லை. எஸ்.பி.4 வந்தபோது டெக்சாஸின் பெருநகரப் போலீஸ் தலைவர்களே எதிர்த்தார்கள். முறையாக விண்ணப்பித்துக் காத்திருக்கிற நீங்களே தயங்குகிறீர்கள் என்றால் லாபம் திருடனுக்குத்தானே?

இனி உங்கள் காகிதம். ஐ-94 முடிவதற்குள் மனு போய்ச் சேர்ந்திருந்தால், அது நிலுவையில் இருக்கும் நாட்கள் சட்டவிரோதத் தங்கலாகக் கணக்கில் ஏறாது. அதற்கு ஆதாரம், மனு கிடைத்தது என்று குடியேற்றத் துறை அனுப்பும் ஐ-797சி ரசீது. முடிந்த பிறகு போட்டிருந்தால், இன்றே வக்கீலைப் பாருங்கள்.

டிராஃபிக்கில் நிறுத்தினால் லைசென்ஸும் இன்ஷூரன்ஸும் காட்டியாக வேண்டும். விசா பற்றிக் கேட்டால் வாய் திறக்காதே என்று வீடியோக்களில் சொல்வார்கள். பேசாமலிருக்க உரிமை உண்டுதான். ஆனால் 18 வயது தாண்டிய வெளிநாட்டவர் பதிவுச் சான்றைக் கையோடு வைத்திருக்க வேண்டும் என்று மத்திய சட்டமும் இருக்கிறது. ஐ-94 அதில் சேரும். பயத்தில் "நான் சிட்டிசன்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அந்தப் பொய் கிரீன் கார்டு வாய்ப்பையே நிரந்தரமாக அடைத்துவிடும்.

ஐ-94 பிரிண்ட், ரசீதின் நகல் இரண்டும் கைப்பையில் இருக்கட்டும். காரில் வேண்டாம், கண்ணாடி எவ்வளவு சுலபமாக உடைகிறது என்று பார்த்துவிட்டீர்களே.