லயத்து வாசலில் மகனுக்கு பேஸ்போல் சொல்லிக் கொடுக்க முடியுமா?

கேட்டவர் கொழும்பில் கடை வேலை. மாதத்துக்கு இரண்டு நாள்தான் தோட்டத்துக்கு வருகிறார். ஒன்பது வயது மகன் முகம் கொடுத்துப் பேசுவதில்லை, ஆனால் போனில் பார்த்துவிட்டு பேஸ்போல் விளையாட வேண்டும் என்கிறான். மைதானம் இல்லை, சாமான் இல்லை, என்ன செய்யலாம் என்பது கேள்வி.

முடியும் அண்ணே. "முதலில் படிக்க வையுங்கள்" என்று சொல்ல நாலு பேர் வருவார்கள். படிக்க வேண்டாம் என்று நானும் சொல்லவில்லை. மாதத்தில் இரண்டு நாள், நாளுக்கு அரை மணித்தியாலம். அதில் எந்தப் படிப்பும் கெட்டுப் போகாது.

கிரிக்கெட்டில் அப்பா பந்து போடுவார், மகன் அடிப்பான். ஒருவருக்கு வேலை, ஒருவருக்கு விளையாட்டு. பேஸ்போலின் அரிச்சுவடி அப்படி இல்லை. இரண்டு பேர் எதிரெதிரே நின்று எறிந்து பிடிக்க வேண்டும், இருவருக்கும் ஒரே வேலை. முகத்தைப் பார்த்துக்கொண்டே நிற்க வேண்டும், ஆனால் பேச வேண்டியதில்லை. பேச்சு வராத அப்பனுக்கும் பிள்ளைக்கும் இதைவிடத் தோதான விளையாட்டு எனக்குத் தெரியவில்லை.

முதலில் பந்து. அசல் பேஸ்போல் 142 முதல் 149 கிராம், சுற்றளவு 23 சென்டிமீட்டர் அளவில் இருக்கும். தோல் கிரிக்கெட் பந்தைவிடக் கொஞ்சம் இலேசு, ஆனால் கல் மாதிரிதான். கையுறை இல்லாத பிள்ளையிடம் அதைக் கொடுக்கவே கூடாது. முதல் இரண்டு மூன்று மாதம் டெனிஸ் பந்து போதும். பிறகு நீங்களே ஒன்று சுற்றலாம். அசல் பந்தின் உள்ளே இருப்பதும் பெரும்பாலும் கம்பளி நூல்தான்: நடுவில் ரப்பர் மூடிய தக்கைக் குண்டு, அதன்மேல் 300 மீட்டருக்கு மேல் நூல், வெளியே எட்டு வடிவத் தோல் துண்டு இரண்டு, 108 இரட்டைத் தையல். நம் வீடுகளில் கிழிந்த கம்பளிச் சுவெட்டருக்கா பஞ்சம்? அதைப் பிரித்து, சின்ன ரப்பர் பந்தின் மேல் திசையை மாற்றி மாற்றி இறுக்கிச் சுற்றுங்கள். ஒரே திசையில் சுற்றினால் முட்டை வடிவம் வந்துவிடும். பிறகு பழைய சைக்கிள் டியூபை ஒரு விரல் அகல வளையங்களாக வெட்டி மேலே மாட்டுங்கள். ஈரத்திலும் கை வழுக்காது. கடைத் தராசில் 120 கிராமுக்கு மேல் போனால் நூலைக் குறையுங்கள்.

அந்தப் பந்தில் பேனாவால் லாட வடிவில் தையல் கோட்டை வரைந்துவிடுங்கள். ஆட்காட்டி விரலும் நடுவிரலும் அந்த வளைவுக்குக் குறுக்காக, பெருவிரல் நேர் கீழே. பந்து உள்ளங்கையில் ஒட்டக்கூடாது, ஒரு விரல் நுழையும் இடைவெளி வேண்டும். சின்னக் கைக்கு மூன்று விரல் வைத்தாலும் பிழையில்லை.

இடம் பார்ப்பதில்தான் நம் ஆட்கள் அதிகம் பிழை விடுவது. சரிவில் மேலும் கீழுமாக நிற்காதீர்கள். கீழ்நோக்கி எறியும்போது முன்கால் ஆழத்தில் விழும், தோளுக்குச் சுமை கூடும். பந்து எறிபவருக்கென்றே 10 அங்குல மேடு கட்டுகிறார்களே என்பீர்கள். அது வளர்ந்தவர்களுக்குச் சரி, ஒன்பது வயதுக்கு மட்டமான தரைதான். லயத்து வாசலில் நீளவாக்கில் நில்லுங்கள். மண் திட்டு உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கட்டும், பிள்ளைக்குப் பின்னால் அல்ல. பிள்ளையின் எறி நாலா பக்கமும் போகும், அதைத் தடுக்க அகலமான தடுப்பு வேண்டும். உங்கள் எறி நேராகத்தான் போகும். ஆகவே அவனுக்குப் பின்னால் கொடிக்கயிற்றில் ஒரு பழைய படங்கைத் தொங்கவிட்டால் போதும். கீழ் விளிம்பு தரையில் ஒரு சாண் மடிந்து கிடக்க வேண்டும், இல்லாவிட்டால் பந்து அடியில் நழுவிக் கானுக்குள் போய்விடும்.

எறிவதற்கு முன் சுற்றியுள்ள மரங்களில் குளவிக்கூடு இருக்கிறதா என்று பாருங்கள். இது பகிடி இல்லை. கொழுந்து மலையில் குளவி கொட்டி உயிரே போயிருக்கிறது. பந்து தேயிலைக்குள் விழுந்தால் பிள்ளை ஓடக்கூடாது, நீங்கள்தான் போய் எடுக்க வேண்டும். பொழுது சாய்ந்துவிட்டால் அந்தப் பந்தை மறந்துவிடுங்கள், சிறுத்தை நடமாடும் நேரம்.

ஆறேழு எட்டு வைக்கும் தூரத்தில் தொடங்குங்கள். வலக்கைக்காரப் பிள்ளை இடது தோளை உங்களுக்குக் காட்டி நிற்க வேண்டும். எறியும் கையின் முழங்கை தோள் உயரத்துக்கு வர வேண்டும். இடது காலை உங்களை நோக்கி எடுத்து வைத்து எறிந்ததும், கை எதிர் முழங்காலைத் தாண்டிப் போய் முடிய வேண்டும். முழங்கை தாழ்ந்தால் பந்து மிதந்து வரும். முன்கால் குறுக்கே விழுந்தால் பந்து பக்கவாட்டில் போகும். ஒரு நேரத்தில் ஒரு பிழையை மட்டும் சொல்லுங்கள். மூன்றைச் சேர்த்துச் சொன்னால் பிள்ளைக்கு எறிவதே மறந்துவிடும்.

பிடிப்பதில், நெஞ்சுக்கு மேலே வந்தால் விரல்கள் வானத்தைப் பார்க்க வேண்டும், இடுப்புக்குக் கீழே வந்தால் மண்ணை. தரையில் உருண்டு வரும் பந்துக்குக் கையை முதலிலேயே மண்ணில் வைத்துவிட்டு மேலே தூக்கிப் பிடிக்க வேண்டும். மேலிருந்து கீழே கையைக் கொண்டுபோனால் பந்து காலுக்கிடையில் ஓடிவிடும். கையுறை வாங்க வசதியில்லாவிட்டால் பழைய ரப்பர் செருப்பின் அடியை வெட்டி, இலாஸ்டிக் பட்டி தைத்து, எறியாத கையின் உள்ளங்கையில் மாட்டுங்கள். தட்டையாக இருப்பதால் ஒற்றைக் கையில் பந்து நிற்காது, மற்றக் கை தானாகவே உதவிக்கு வரும். டெனிஸ் பந்துக்கு மட்டும்தான் இது.

மூங்கில் தடியால் பந்தடித்து ஓடும் நம் ஊர் எல்லே விளையாடிய பிள்ளை என்றால் பாதி வேலை முடிந்தது, ஆனால் ஒரு பழக்கத்தை மறக்கடிக்க வேண்டும். எல்லேயில் ஓடுபவன் மேல் பந்தால் அடித்தால் ஆட்டமிழப்பு. பேஸ்போலில் பந்தை வைத்துக்கொண்டு போய்த் தொட வேண்டும், அல்லது அவன் ஓடியே ஆக வேண்டிய தளத்தில் (ஓடிச் சேரும் இடம், அதுதான் 'பேஸ்') அவனுக்கு முன்பே பந்து சேர வேண்டும். கிரிக்கெட் பிள்ளைகளின் பிழை வேறு: அடித்தபின் மட்டையையும் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். மட்டையைக் கீழே விட்டுவிட்டு ஓட வேண்டும், வீசி எறியக்கூடாது.

மட்டைக்கு எல்லே மூங்கில் டெனிஸ் பந்துவரை தாங்கும், கனமான பந்துக்குக் கணுவில் பிளக்கும். நிழலில் காய்ந்த கொய்யாத் தடி நல்லது. 28 அங்குல நீளம், கைப்பிடியில் ஓர் அங்குலத் தடிப்பு, அடிக்கும் பக்கம் இரண்டு அங்குலம். கைப்பிடி நுனியில் ஒரு குமிழ் விட்டுச் செதுக்காவிட்டால் மூடுபனி ஈரத்தில் மட்டை கையைவிட்டுப் பறந்துவிடும். பெயின்ட் டின்னில் மண்ணை இறுக்கி, ஒரு பிவிசி குழாயைப் பிள்ளையின் இடுப்பு உயரத்துக்கு நட்டு, தலையில் டியூப் துண்டைச் செருகினால் பந்து வைக்கும் தாங்கி தயார். அதை முன்காலுக்கு நேராக வையுங்கள், வயிற்றுக்கு நேராக அல்ல. கதவு தட்டும் விரல் கணுக்கள் இரண்டு கையிலும் ஒரே வரிசையில் நிற்க வேண்டும்.

பத்தில் மூன்று அடித்தாலே பேஸ்போலில் பெரிய ஆள் என்று எல்லோரும் ஊக்க வசனம் பேசுவார்கள். 1941இல் அமெரிக்க வீரர் டெட் வில்லியம்ஸ் எடுத்த .406 சராசரிதான் (பத்துக்கு நாலு சொச்சம்) இன்றுவரை பேசப்படுகிறது, அதாவது அவரும் பத்தில் ஆறு முறை தோற்றார். ஆனால் அது போட்டிக் கணக்கு. தாங்கியில் சும்மா இருக்கும் பந்தைப் பத்தில் எட்டு அடிக்க வேண்டும். மூன்றுதான் படுகிறது என்றால் தாங்கி உயரமோ மட்டைக் கனமோ பிழை, பிள்ளை அல்ல.

கையை அளவோடு பாவியுங்கள். அமெரிக்கச் சிறுவர் பேஸ்போல் அமைப்பான லிட்டில் லீக்கின் விதிப்படி 9–10 வயதுக்கு ஒரு நாளில் 75 எறிதான் உச்சம், அதுவும் பழகிய பிள்ளைக்கு. உங்கள் மகனுக்கு 30, 40 போதும். முழங்கையின் உட்பக்கம் வலித்தால் அன்றோடு நிறுத்துங்கள். அங்கே எலும்பு இன்னும் வளர்கிறது, தைலம் தடவிக்கொண்டு எறிய வைக்கக் கூடாது. பந்தை வளைத்து எறிவது இந்த வயதுக்கு வேண்டவே வேண்டாம். எங்கள் உயரத்தில் அது வளைவதும் குறைவு. நுவரெலியா 1,868 மீட்டர், அமெரிக்காவின் டென்வர் 1,600 அளவில். அங்கேயே காற்று மெலிந்து பந்து அளவுக்கு மீறிப் பறக்கிறதென்று 2002 முதல் பந்துகளை ஈரப்பதப் பெட்டியில் வைக்கிறார்கள். எங்களுக்குப் பெட்டி தேவையில்லை, மழை இருக்கிறது.

இடையில் ஒன்று சொல்லிவிடுகிறேன், கோபிக்க வேண்டாம். ஞாயிறு காலை எட்டு மணிக்கு ஒன்பது வயதுப் பிள்ளையை டியூசனுக்கு அனுப்புகிறோம். அப்பா சனி இரவு பஸ்ஸில் வந்து சேர்கிறார், பிள்ளை காலையில் வகுப்புக்குப் போய்விடுகிறான், அப்பா திரும்புகிறார். பிறகு "பிள்ளை என்னோடு ஒட்டுவதில்லை" என்கிறோம். தோட்டத்தில் இருக்கிற ஒரே மட்டத் தரையிலும் லொறி நிற்கும். அதை யாரிடம் சொல்ல? செய்தியில் பேஸ்போல் மைதானம் என்று கேட்டு நம் மலைநாட்டு டயகம என நினைத்துவிடாதீர்கள். ஜப்பான் உதவியோடு 2012இல் திறந்தது ஹோமாகமப் பக்கத்துத் தியகமவில், அக்கரப்பத்தனைப் பக்கம் அல்ல.

நீங்கள் இல்லாத நாட்களுக்கு ஒரு கணக்கு வையுங்கள். மண் திட்டில் சுண்ணாம்பால் ஒரு சதுரம் போட்டு, கிழமையில் மூன்று நாள், நாளுக்கு இருபது எறி. பட்டது எத்தனை என்று கொப்பியில் எழுதட்டும். போனில் "சாப்பிட்டியா, படிச்சியா" என்பதற்கு முன்னால் அந்த எண்ணைக் கேளுங்கள். தங்கச்சி இருந்தால் அவளைப் பந்து பொறுக்க வைக்காமல் மாறி மாறி எறிய விடுங்கள்.

நேரத்தோடு வந்து சேர்ந்தால் அன்று பின்னேரம் அடிப்பதைப் பழக்கலாம். திரும்பும் நாள் காலையில் எறிந்து பிடிப்பது மட்டும், புதிதாக எதையும் திருத்த வேண்டாம். தோல் கையுறை கிடைத்திருந்தால் நனைந்ததும் பத்திரிகைத் தாளைத் திணித்து நிழலில் காய வைக்கச் சொல்லுங்கள். அடுப்புக்கு மேலே தொங்கவிட்டால் தோல் வெடிக்கும், தேங்காய் எண்ணெய் பூசினால் கனத்துத் தொய்ந்துவிடும். பூஞ்சணம் பிடித்தால் உலர்ந்த துணியால் துடைத்தால் சரி. பந்து வீட்டிலேயே இருக்கட்டும்.