ஸ்விட்சைக் குற்றம் சொல்லுமுன்: பழைய பைக் கேள்வி பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஹேண்டில்பார் ஸ்விட்ச் பற்றியவை. யமஹா ஆர்.எக்ஸ் 100, புல்லட், எஸ்டி (Yezdi), லாம்பி ஸ்கூட்டர் என்று வண்டிகள்தான் வேறு, முறையீடு ஒன்றே: "ஸ்விட்ச் போய்விட்டது, புதிது எங்கே கிடைக்கும்?" கேட்டவர்களில் பலருக்கு ஸ்விட்ச் போகவே இல்லை. பெயர்களை விட்டு ஊரை மட்டும் கொடுத்திருக்கிறேன். கீழே சொல்பவற்றைச் செய்துபார்க்க ஒரு மல்டிமீட்டர் வேண்டும். விலை குறைந்ததே போதும்.

மதுரை: ஐயா, என் ஆர்.எக்ஸ் 100-இல் சாவியைத் திருப்பியதும் ஹாரன் தானாக அலறுகிறது. பட்டனைத் தொடவே வேண்டாம். இடது பக்க ஸ்விட்ச் செட் முழுவதையும் மாற்ற வேண்டும் என்கிறார் மெக்கானிக்.

அவசரப்பட வேண்டாம். யமஹாவில் சாவி போட்டவுடன் பழுப்பு வயர் வழியாக ஹாரன் வரை மின்சாரம் வந்து நின்றுவிடும். பட்டனின் வேலை, ரோஸ் வயரை எர்த்தோடு, அதாவது வண்டியின் இரும்பு உடலோடு, சேர்ப்பது மட்டுமே. ஆகவே அந்த ரோஸ் வயர் வழியில் எங்கே உரசி இரும்பைத் தொட்டாலும் ஹாரன் அடிக்கும். ஹெட்லைட் டூமைத் திறந்து, ஸ்விட்சிலிருந்து வரும் ரோஸ் வயரை இணைப்பில் பிரித்துவிடுங்கள். சத்தம் நின்றால் கோளாறு ஸ்விட்ச் பக்கம். நிற்காவிட்டால் டூமிலிருந்து ஹாரன் வரை உள்ள வயரில். ஸ்விட்ச் பக்கம் என்றாலும், வயர் ஹவுசிங்கை (ஸ்விட்சின் வெளிக்கூட்டை) விட்டு வெளியே வரும் வாயைத்தான் முதலில் பாருங்கள். இரண்டு பாதிகளையும் மூடும்போது அங்கே வயர் நசுங்குவது சகஜம். வயர் மேல் போடும் ஓர் அங்குல ஸ்லீவில் (காப்புக் குழாயில்) முடிகிற வேலை.

தேனி: என்னுடையதும் ஆர்.எக்ஸ் 100-தான். ஹேண்டில்பாரை இடது பக்கம் முழுவதும் திருப்பினால் எஞ்சின் அணைந்துவிடுகிறது. சாவி ஸ்விட்ச் தேய்ந்துவிட்டதா அண்ணா?

சாவியை அப்புறம் சந்தேகப்படலாம் தம்பி. ஹேண்டில்பாரோடு வளைந்து நிமிர்வது வயர்தான். உங்கள் வண்டியில் இருப்பது சி.டி.ஐ, அதாவது பாயின்ட் இல்லாத மின்னணு இக்னிஷன். கருப்பில் வெள்ளைக் கோடு போட்ட வயர் எர்த்தைத் தொட்டால் எஞ்சின் நிற்கும். சாவியை அணைக்கும்போது நடப்பதும் அதுவே. அந்த வயரைச் சி.டி.ஐ பெட்டிக்கு அருகில் பிரித்துவிட்டு, வண்டியை நிறுத்திவைத்தே ஓடவிட்டுத் திருப்பிப் பாருங்கள். இப்போது அணையவில்லை என்றால் வயர் எங்கோ உரசியிருக்கிறது. ஒன்று கவனம்: பிரித்தபின் சாவிக்கு எஞ்சின் கட்டுப்படாது. பிரேக்கை அழுத்திப் பிடித்துக் கியரில் போட்டு, கிளச்சை விட்டு நிறுத்த வேண்டும்.

பிளாட்டினம் பாயின்டும் பேட்டரியும் உள்ள புல்லட், எஸ்டியில் இதே அறிகுறிக்குக் காரணம் நேர்மாறானது. அங்கே வயர் எர்த் ஆவதில்லை, அறுந்துபோகிறது. அதுவும் உறை அப்படியே இருக்க, உள்ளே செம்பு மட்டும் அறுந்திருக்கும். விரலால் பிடித்துக்கொண்டே போனால் ஓரிடத்தில் வயர் துவளும். இழுத்தால் உறை ரப்பராக நீளும். அந்த இடத்தில் வெட்டி, நல்ல வயரை இணையுங்கள்.

தஞ்சாவூர்: ஐயா, அப்பா ஓட்டிய 6 வோல்ட் புல்லட்டை இப்போது நான் ஓட்டுகிறேன். ஹெட்லைட் மங்கல். டிம்-பிரைட் ஸ்விட்சை ஒரு பக்கமாக அழுத்திப் பிடித்தால் கொஞ்சம் தெளிகிறது. அதே தோற்றத்தில் புதிய ஸ்விட்ச் ஒன்று பார்த்தேன். வாங்கலாமா?

வாங்காதீர்கள் அம்மா. தோற்றம் அதேதான், உள்ளே இருக்கும் தகடு அதே அல்ல. இப்போது விற்கும் நகல்கள் பலவற்றில் பித்தளை நிறப் பூச்சுக்குள் இருப்பது இரும்புத் தகடு. கடையிலேயே திறக்கவிட்டால் ஒரு சிறு காந்தத்தை அந்தத் தகட்டில் வையுங்கள். ஒட்டிக்கொண்டால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

முதலில் அளவெடுப்போம். 6 வோல்ட்டில் 35 வாட் பல்ப் ஏறக்குறைய 6 ஆம்பியர் இழுக்கிறது. இவ்வளவு மின்னோட்டத்துக்கு ஸ்விட்சுக்குள் படிந்த கொஞ்சம் களிம்பு கூடப் பெரிய தடை. விளக்கை எரியவிட்டு, மீட்டரை டி.சி. வோல்ட்டில் வைத்து, ஒரு முனையை ஸ்விட்சுக்குள் வரும் வயரிலும் மறு முனையை வெளியே போகும் வயரிலும் தொடுங்கள். மீட்டர் காட்டுவது அந்த ஸ்விட்ச் விழுங்கும் வோல்ட். 0.1 என்றால் ஸ்விட்ச் நன்றாக இருக்கிறது. 0.5 என்றால் வெளிச்சத்தில் கால்வாசி போய்விட்டது. புல்லட்டில் ஹெட்லைட் மேல்பகுதியிலும் ஒரு விளக்கு ஸ்விட்ச் இருக்கிறது. அதையும் இப்படியே அளந்துவிட்டு எது குற்றவாளி என்று முடிவு செய்யுங்கள்.

டிம்-பிரைட்தான் என்று தெரிந்தால், வயர்களைப் படமெடுத்துக்கொண்டு கழற்றுங்கள். ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் பைக்குள் கைவிட்டுத் திறங்கள். உள்ளே ஒரு ஸ்பிரிங் இருக்கும், சில ஸ்விட்சுகளில் கடுகை விடச் சற்றுப் பெரிய இரும்புக் குண்டும் இருக்கும். பை இல்லாமல் திறந்தால் அது அலமாரிக்கு அடியில்தான் கிடைக்கும், அதுவும் அடுத்த தீபாவளிக்கு வீடு சுத்தம் செய்யும்போது.

தொடுமுனைகளில் பச்சையாகப் படிந்திருப்பது களிம்பு. நம் வீடுகளில் இதற்கு மருந்து தெரியாதவர்கள் இல்லை: புளி. தனியாகக் கழற்றிய பித்தளைத் துண்டுகளை மட்டும் கரைத்த புளியில் சில நிமிடம் ஊறவைத்து, பழைய பல் துலக்கும் பிரஷால் தேயுங்கள். பிறகு சமையல் சோடா கரைத்த நீரில் அலசி, நல்ல நீரில் கழுவி, முழுக்க உலர்த்த வேண்டும். புளிப்பு மிச்சமிருந்தால் களிம்பு முன்னைவிட வேகமாகத் திரும்பும். கருகிய குழி இருந்தால் 1000 எண்ணுக்கு மேற்பட்ட நைஸ் உப்புத்தாளால் லேசாக இரண்டு இழுப்பு. அடுத்து, தொடுதகட்டின் நாக்கை மூக்குக் குறடால் மயிரிழை அளவு மேலே தூக்கிவிடுங்கள். நீங்கள் அழுத்திப் பிடித்தால் விளக்கு தெளிகிறது என்றால், தகட்டின் விறைப்பு தளர்ந்திருக்கிறது என்றே பொருள். எவ்வளவு தேய்த்தாலும் இதைச் செய்யாமல் சரியாகாது. கடைசியாக, விரல் நுனியில் எடுத்த வாசலினை மிக மெல்லியதாகப் பூசி மூடுங்கள்.

வயரைப் பற்றவைக்க வேண்டியிருந்தால் ரோசின் உள்ள ஈயக்கம்பியும் 40 வாட்டுக்கு மிகாத சால்டரிங் அயனும் போதும். ஆசிட் ஃபிளக்ஸ் பக்கம் போகவே கூடாது. அது அடுத்த மழைக்காலத்துக்குள் வயரைத் தின்றுவிடும்.

வேலூர்: இவ்வளவு எதற்கு? துரு நீக்கும் ஸ்பிரேயைத் துளை வழியாக அடித்தால் போதாதா?

சில வாரம் போதும். பிறகு அந்த எண்ணெய்ப் பசையில் தூசி ஒட்டிக்கொள்ளும். கான்டாக்ட் கிளீனர் என்று கேட்டு வாங்குங்கள்; அது பசை வைக்காமல் ஆவியாகிவிடும்.

கோயம்புத்தூர்: ஆர்.எக்ஸ் 100-க்கு ஒரிஜினல் ஸ்விட்ச் தேடுகிறேன். புதுப்பேட்டைக்கு வரலாமா? 'பெட்டி பிரிக்காத பழைய சரக்கு' என்று சிலர் எக்கச்சக்க விலை சொல்கிறார்கள்.

1996-இல் உற்பத்தி நின்ற வண்டிக்குப் பெட்டி பிரிக்காத சரக்கு இன்னும் எங்கோ இருக்கலாம். ஆனால் பெட்டியை அச்சடிப்பது ஸ்விட்ச் செய்வதைவிட எளிது. எனக்குப் பெட்டியில் நம்பிக்கை இல்லை, வயரின் நிறத்தில்தான் நம்பிக்கை. யமஹாவில் பிரைட் மஞ்சள், டிம் பச்சை, ஹாரன் ரோஸ், எர்த் கருப்பு, இடது இண்டிகேட்டர் கரும்பழுப்பு, வலது கரும்பச்சை. நகல் செய்பவர் கையில் கிடைத்த வயரைப் போடுவார். ஹவுசிங்கில் பதித்த எழுத்துகளின் விளிம்பும் மழுங்கியிருக்கும்.

சென்னையில் பழைய பொருளுக்குப் புதுப்பேட்டை, புதியதற்கு ஜி.பி. சாலை. புல்லட் பொருள் என்றால் டெல்லி கரோல் பாக் வரை தேடுபவர்கள் உண்டு. என் கணக்கில், பயன்படுத்திய ஒரிஜினல் புதிய நகலைவிட மேல். மீட்டரைப் பையில் எடுத்துப் போங்கள். பீப் ஒலி நிலையில் (இரண்டு முனைக்கும் இடையே இணைப்பு இருந்தால் ஒலிக்கும் நிலை) வைத்து, ஒவ்வொரு நிலைக்கும் ஸ்விட்சைப் பலமுறை தள்ளிப் பாருங்கள். ஒலி நடுங்கினால் உள்ளே சுத்தம் செய்ய வேண்டும், அதைச் சொல்லி விலையைக் குறைக்கலாம். வாலில் ஒரு சாண் வயராவது இருக்க வேண்டும். ஹவுசிங் வாயோடு வெட்டியதை வாங்காதீர்கள். திருகுத் தலைகள் சிதைந்திருந்தால் யாரோ ஏற்கெனவே உள்ளே போய் வந்திருக்கிறார்கள். ஜப்பானிய நட்சத்திரத் திருகுக்குச் சாதாரண பிலிப்ஸ் டிரைவர் சரியாகப் பொருந்தாது. தலையில் ஒரு சிறு புள்ளி தெரிந்தால் அது ஜப்பானிய அளவு, அதற்கான டிரைவர் தனியாகக் கிடைக்கிறது. பிளாஸ்டிக் நிறம் மங்கியிருந்தால் பரவாயில்லை, விரிசல் கூடாது.

ரசீது கேளுங்கள். தர மறுக்கும் கடையில் வாங்காதீர்கள்.

சேலம்: யமஹாவில் ஹோண்டா மாடல் ஸ்விட்சைப் பொருத்தினேன். நிறத்துக்கு நிறம் சேர்த்தேன். சாவி போட்டதும் ஃப்யூஸ் போகிறது.

நிறத்துக்கு நிறம் சேர்த்ததுதான் வினை. யமஹாவில் கருப்பு எர்த். ஹோண்டாவில் எர்த் பச்சை. அங்கே கருப்பு, சாவி போட்டதும் மின்சாரம் வரும் வயர். போதாக்குறைக்கு யமஹாவின் பச்சை டிம் விளக்குக்குப் போகிறது. எல்லாவற்றையும் பிரித்துவிட்டு, ஸ்விட்சின் எந்த நிலையில் எந்த இரண்டு வயர் சேர்கிறது என்று மீட்டரால் பார்த்துத் தாளில் எழுதுங்கள். பிறகு வேலையைப் பார்த்து இணையுங்கள், நிறத்தை மறந்துவிடுங்கள். ஃப்யூஸுக்குப் பதில் செம்புக் கம்பி சுற்றும் யோசனை யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

புதுச்சேரி: ஹேண்டில்பாருக்குப் பவுடர் கோட்டிங் செய்தபின் என் பழைய புல்லட்டில் ஹாரன் ஊமை.

பட்டனுக்கு எர்த் ஹேண்டில்பார் வழியாகத்தான் கிடைத்தது. பூச்சு அதை மூடிவிட்டது. கிளாம்ப் உட்காரும் இடத்தில் மறைவாகக் கொஞ்சம் சுரண்டுங்கள், அல்லது பட்டனிலிருந்து ஃப்ரேமுக்குத் தனி எர்த் வயர் இழுங்கள். இரண்டாவதுதான் நான் செய்வது.

காரைக்குடி: பேட்டரி இல்லாத லாம்பி. டிம்மிலிருந்து பிரைட்டுக்கு மாற்றும்போதெல்லாம் பின் விளக்கு பல்ப் போய்விடுகிறது. பல்ப் தரமில்லையா?

பல்ப் பாவம். ரெகுலேட்டர் இல்லாத இந்த ஸ்கூட்டர்களில் மேக்னெட்டோ (எஞ்சினோடு சுழன்று மின்சாரம் உண்டாக்கும் கருவி) தரும் மின்சாரத்தை எல்லா விளக்குகளும் பகிர்ந்துகொண்டால்தான் வோல்ட் அடங்கியிருக்கும். அதனால் இந்த வகை டிம் ஸ்விட்ச், பழைய தொடுமுனையை விடுமுன் புதியதைப் பிடிக்கும்படி இருக்க வேண்டும். தேய்ந்தபின் நடுவில் ஒரு கணம் இரண்டும் விடுபடுகிறது. ஹெட்லைட்டுக்கான மின்சாரம் முழுவதும் பின் பல்புக்குப் போகிறது. மீட்டரை ஸ்விட்சில் பீப் நிலையில் வைத்து மெல்லத் தள்ளினால் அந்த இடைவெளி தெரியும். தகட்டை வளைத்து இடைவெளியை மூடுங்கள். சரியாகும் வரை வேகம் குறைத்து மாற்றுங்கள்.

திருநெல்வேலி: எஸ்டியை 6 வோல்ட்டிலிருந்து 12 வோல்ட்டுக்கு மாற்றுகிறேன். ஸ்விட்சும் மாற்ற வேண்டுமா? 60 வாட் ஹாலோஜன் போடலாமா?

ஸ்விட்ச் அப்படியே இருக்கட்டும். 35 வாட் பல்பே போட்டால் 12 வோல்ட்டில் 3 ஆம்பியர்தான் ஓடும். ஸ்விட்சுக்கு வேலை பாதியாகக் குறைகிறது. பல்புகள், ஹாரன், ஃபிளாஷர் (இண்டிகேட்டரை மினுக்கும் கருவி) மூன்றையும் கட்டாயம் மாற்ற வேண்டும். 60 வாட் போட்டால் மறுபடி 5 ஆம்பியர். அப்போது ரிலே (சிறு மின்னோட்டத்தால் பெரிய மின்னோட்டத்தை இயக்கும் காந்த ஸ்விட்ச்) வைத்து, ஸ்விட்ச் ரிலேயை மட்டும் இயக்கும்படி செய்யுங்கள். ஆல்டர்னேட்டர் அவ்வளவு வாட் தருமா என்பதை முதலில் பாருங்கள், இல்லாவிட்டால் பேட்டரி இரவோடு இரவாக இறங்கும். ஹெட்லைட் நேராக மேக்னெட்டோவின் ஏ.சி.யில் எரியும் வண்டிகளில் சாதாரண ரிலே படபடவென்று அடித்துக்கொள்ளும். அங்கே இந்த யோசனை செல்லாது.

யாழ்ப்பாணம்: அண்ணை, எனது பழைய ஹோண்டாவில் இண்டிகேட்டர் ஸ்விட்சின் பிளாஸ்டிக் பிடி ஒடிந்துவிட்டது. உள்ளே எல்லாம் நல்ல நிலையில் இருக்கிறது. ஒட்டினால் இரண்டே நாளில் மறுபடி கழன்றுவிடுகிறது.

அந்தப் பிடி நைலான் வகையாக இருந்தால் பெரும்பாலான பசைகள் நிற்காது. ஒடிந்த இரண்டு முகத்திலும் நேருக்கு நேர் 1 மி.மீ. துளையிட்டு, ஒரு துண்டு எஃகுக் கம்பியைச் செருகி, பிறகு இரண்டு குழாய் எபாக்ஸி போடுங்கள். பாரத்தைக் கம்பி தாங்கும், பசை இடைவெளியை நிரப்பினால் போதும். ஒடிந்த துண்டு தொலைந்துவிட்டால் கறுப்பு அக்ரிலிக் துண்டில் அரத்தால் ராவி ஒன்று செய்துகொள்ளலாம். ஒரு மாலை நேர வேலை. எழுத்துகள் அழிந்திருந்தால் பள்ளத்தில் வெள்ளை எனாமலைத் தடவி, காய்வதற்குள் மேற்பரப்பை மட்டும் துணியால் துடைத்தெடுங்கள்.