கையுறை போட்டாலும் கை கழுவ வேண்டுமா?

கடலூர் மஞ்சக்குப்பத்தில் முதியோர் இல்லம் ஒன்றை மேற்பார்வையிடும் வாசகியின் கேள்வி: "டயாபர் மாற்றும்போது எங்கள் ஆயாக்கள் கையுறை போடுகிறார்கள். பிறகும் கை கழுவச் சொன்னால், போர்த் தண்ணீர் உப்பு, கை வெடிக்கிறது என்கிறார்கள். சானிடைசர் மட்டும் போதாதா?"

பெரும்பாலான நேரங்களில் போதும். ஆனால் கையுறை மட்டும் ஒருபோதும் போதாது. கையுறையில் கண்ணுக்குத் தெரியாத ஓட்டைகள் இருக்கலாம், கழற்றும்போது அதன் அழுக்கு மணிக்கட்டில் படும். இதைவிட நான் அஞ்சுவது, மலம் துடைத்த அதே கையுறையோடு சிறுநீர்ப் பையின் குழாயைச் சரிசெய்து, தலையணையை நகர்த்தி, பெரியவரின் வாயோரம் வழிந்த எச்சிலையும் துடைத்துவிடுவது. ஒரே ஆளுக்குத்தானே செய்கிறோம் என்று தோன்றும். குடலில் இருக்கும் கிருமி சிறுநீர்ப் பாதைக்கும் படுக்கைப்புண்ணுக்கும் போவது இப்படித்தான். அழுக்கு வேலை முடிந்ததும் கையுறையைக் கழற்றி, கையைச் சுத்தம் செய்த பிறகே அடுத்த வேலையைத் தொட வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2009-இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் உடல் கழிவுகளைத் தொட நேர்ந்த உடனே கையைச் சுத்தம் செய்யச் சொல்கிறது.

கையில் அழுக்கு தெரியாதபோது, ஆல்கஹால் கலந்த சானிடைசரை விரலிடுக்கு, கட்டைவிரல், நகநுனி எல்லாம் நனையுமாறு 20 முதல் 30 விநாடி, காயும்வரை தேய்த்தால் போதும். கிளிசரின் சேர்ந்ததாக வாங்கினால், அடிக்கடி சோப்புப் போடுவதைவிடத் தோலுக்கு அது நல்லது. கையில் அழுக்கு தெரிந்தாலோ, யாருக்காவது வயிற்றுப்போக்கு இருந்தாலோ சோப்பும் தண்ணீரும்தான் வேண்டும். நோரோ வைரஸிடமும் சில பாக்டீரியாக்களின் வித்துகளிடமும் ஆல்கஹால் சரியாக எடுபடாது. உப்புத் தண்ணீரில் கட்டி சோப்பு நுரைக்காது என்பதால் திரவ ஹேண்ட்வாஷ் வைத்து, கழுவிய கையை முந்தானையிலோ பொதுத் துண்டிலோ துடைக்காமல் ஆளுக்கொரு துண்டு கொடுங்கள். வெடிப்புக்குத் தேங்காய் எண்ணெய் தடவுவதை வேலை முடிந்த பிறகு வைத்துக்கொள்ளட்டும், எண்ணெய்க் கையில் லேடெக்ஸ் கையுறை நைந்துவிடும்.

ஆயாக்களைக் கண்டிப்பதைவிட, ஒவ்வொரு கட்டிலருகிலும் ஒரு பாட்டில் மாட்டிவையுங்கள். பத்தடி நடக்க வேண்டியிருந்தால், வேலை நெருக்கும்போது யாரும் நடக்க மாட்டார்கள். மறதி நோய் உள்ளவர் எடுத்துக் குடித்துவிடக்கூடிய இடத்தில் மட்டும் அதை ஆயாவே பையில் வைத்துக்கொள்ளட்டும்.

இரவில் இருவருக்கு மேல் அரிப்பு என்று சொன்னால் அது சிரங்காக இருக்கலாம். அதற்குச் சானிடைசர் உதவாது. மருத்துவரை அழைத்து, அவர்களைத் தொட்டுப் பராமரித்த அனைவருக்கும் ஒரே நாளில் சிகிச்சை தொடங்குங்கள்.