அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்பிஏ-வில் மைக்கேல் ஜோர்டன் தனியாளாகவா ஆறு கோப்பை வென்றார்?

இல்லை. "பின்னால் வந்த லெப்ரான் ஜேம்ஸுக்குத்தான் பக்கபலம் வேண்டியிருந்தது, ஜோர்டன் ஒற்றை ஆளாகவே ஆறையும் அள்ளினார்" என்று அடம்பிடிக்கும் உங்கள் நண்பரிடம் 1986-ஐக் காட்டுங்கள். பாஸ்டன் செல்டிக்ஸுக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் 63 புள்ளி எடுத்தார் மனுஷன், ஆனாலும் அவருடைய அணியான சிகாகோ புல்ஸ் அந்தத் தொடரில் 0-3 என்று தோற்றது.

நண்பர் குழம்புவதற்குக் காரணம் யூடியூப் துணுக்குகளாக இருக்கலாம், அதில் ஜோர்டன் மட்டும்தான் தெரிவார். 1987-இல் ஸ்காட்டி பிப்பன் சக வீரராக வந்தார், 1989-இல் பில் ஜாக்சன் தலைமைப் பயிற்சியாளரானார், பந்து ஐந்து கைகளிலும் சுழலும் முக்கோண ஆட்டமுறை வேரூன்றியது, 1991-இல் முதல் கோப்பை.

1993 இறுதித் தொடரின் ஆறாவது ஆட்டத்தைக் கடைசி நிமிடம் வரை பார்க்கச் சொல்லுங்கள். நான்காம் கால்பகுதியில் அதுவரை புல்ஸ் எடுத்த ஒன்பது புள்ளியும் ஜோர்டனுடையதுதான், சரி. ஆனால் கடைசிப் பந்து பிப்பனிடமிருந்து சக வீரர் கிராண்டுக்கு, கிராண்டிடமிருந்து யாரும் மறிக்காமல் நின்ற இன்னொரு சக வீரர் பாக்ஸனுக்கு. அவர் வீசிய மூன்று புள்ளியில் 99-98. 1997-லும் கடைசி ஆட்டத்தில் ஜோர்டனை இருவர் மறிக்க, பந்து சக வீரர் ஸ்டீவ் கெர்ருக்குப் போனது, அவர் போட்டார்.

ஒன்றில் மட்டும் கவனமாக இருங்கள். ஜோர்டன் இல்லாத 1993-94 சீசனில் புல்ஸ் 55 ஆட்டம் வென்றதை நீங்கள் வாதமாக எடுத்துவிட்டால், இரண்டாம் சுற்றில் நியூயார்க் அணியிடம் தோற்றதை நண்பர் திருப்பிப் போடுவார். அதுவும் நியாயம்தான்.